ஆறு: வினைச்சொல்

வார்டு வாசலில் ஒரு தகரப் பலகை.
'அமைதி' என்று எழுதியது.
தி-யின் சுழி உரிந்து இப்போது 'அமைத'.
அதன் அடியில் நின்றுதான் எல்லோரும்
செல்போனில் கத்துகிறார்கள்.

நல்ல சொல்தான் அது.
வீடு அமையும், வரன் அமையும்,
உலையில் ஏற்றிய பானை கல்மேல் அமையும்.
அமைந்தவர்களுக்கு அமைதி.
பெரியாஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு
எதுவும் அமைந்திருக்காது.
பதினான்கு வருடமாகக் கட்டு மாற்றுகிறேன்,
ஒருவர்கூட அந்தச் சொல்லைக் கேட்டதில்லை.
கேட்பதெல்லாம்
"ஆறுமா சிஸ்டர்?"

கட்டில் இருபத்தேழு, சின்ன ஒச்சு.
உசிலம்பட்டிக்கு மேற்கே.
இடது கெண்டைக்காலில் ஒரு சாண் நீளம்.
'தவறி விழுந்ததால்' என்கிறது கேஸ் ஷீட்.
தவறி விழுந்தால் இவ்வளவு நேராகக் கிழியாது.
கிணற்று முறை, மோட்டார், அண்ணன், மண்வெட்டி:
மாடிப்படியில் வைத்து
நாலே சொல்லில் முடித்துவிட்டாள் மனைவி பின்னியக்கா.
அண்ணன் பேர் பெரிய ஒச்சு.
ஒரே குலசாமி, ஒரே பேர், இரண்டு ஆள்.

மேலே தோல் மூடினால் போதாது,
அடியிலிருந்து ஆறி வர வேண்டும் என்றேன்.
இல்லையென்றால் மறுபடி திறப்பார்கள்.
தினமும் சொல்வேன்.
தினமும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு
சுவரைப் பார்ப்பார்.

நைட் டியூட்டியில் ஒரு நாள்
மகளின் பள்ளிக்கூட அகராதியைப் புரட்டினேன்.
ஆறு: ஓர் எண்.
ஆறு: நதி; வழி.
ஆறு: சூடு தணி, புண் குணமாகு, சினம் அடங்கு.
மேலே சின்னதாக ஒன்று, இரண்டு, மூன்று
போட்டுப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.
வேர் வேறு வேறாம்.
இருக்கட்டும்.
படித்தவர்கள் சொன்னால் சரிதான்.

ஆனால் கஞ்சிக்கும் காயத்துக்கும் கோபத்துக்கும்
ஒரே வினையைக் கொடுத்த ஆள்
யாராக இருந்தாலும்,
விரலைச் சுட்டுக்கொண்ட ஆள்.
ஊதி ஊதிப் பார்த்து,
அவசரப்பட்டு நாக்கையும் சுட்டுக்கொண்டு,
பிறகு சும்மா உட்கார்ந்திருந்த ஆள்.

மாடி ஜன்னலில் வைகை.
சித்திரைக்குத் திறந்துவிட்ட தண்ணீர் போய்
ஆகாயத்தாமரையும் சாக்கடையும் கிடக்கிறது.
அப்போதும் 'ஆத்துக்குள்ள வண்டிய நிறுத்திருக்கேன்'
என்றுதான் சொல்கிறோம்.
பகல் பூராவும் வெந்த மணல்
ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் ஆறும்.
ஆறு ஆறும்.
சொல்லிப் பார்த்து, தனியாகச் சிரித்து,
ஊசி அறைக்குப் போனேன்.

இருபத்து மூன்றாம் நாள்
பலகைக்குக் கீழே ஒருவர் நின்றார்.
கையில் நூல் கட்டிய டீ பார்சல்.
செல்போனில் பேசவில்லை.
நெற்றி அப்படியே இருபத்தேழின் நெற்றி.
அரை மணி நேரம் நின்றார்.
பின்னியக்கா பார்த்தாள்,
பார்க்காததுபோல் குடத்தை எடுத்துக்கொண்டு
தண்ணீர் பிடிக்கப் போனாள்.
குடத்தில் தண்ணீர் இருந்தது.

நான் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது
அவர் உள்ளே வந்தார்.
பார்வையாளர் நேரம் இல்லை. நான் எழுப்பவில்லை அந்தப் பேச்சை.
புண்ணை ஒரு தடவை பார்த்தார்.
அப்புறம் பிளாஸ்க் மூடியும் டம்ளரும் எடுத்து
டீயை ஆற்றத் தொடங்கினார்.
ஒரு முழம் உயரம். மறுபடி ஒரு முழம்.
அரை மணி நேரம் நின்ற டீ அது.
ஆற்ற அதில் ஒன்றும் இல்லை.
ஆற்றிக்கொண்டே இருந்தார்,
ஒரு சொட்டு கட்டிலில் சிந்தாமல்.

சின்னவர் வாங்கி ஒரு வாய் வைத்தார்.
"ஆறிப்போச்சு."
"வேற வாங்கியாரவா?"
"வேணாம்."
குடித்தார்.

பஞ்சைக் கிடுக்கியில் எடுத்தேன்.
இன்று அவர் சுவரைப் பார்க்கவில்லை,
அண்ணனையும் பார்க்கவில்லை,
டம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேஸ் ஷீட்டில் குறித்தேன்:
நீளம் ஐந்து சென்டிமீட்டர். சீழ் இல்லை.
அடி இளஞ்சிவப்பு.
நாளையும் கட்டு மாற்ற வேண்டும்.